பத்து மாதம் இருந்த வீடு 'பாரதியார் இல்லம்' ஆகுமா?

கேள்வி:
திருவல்லிக்கேணி துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் இருக்கும் பாரதியார் இல்லத்துக்குப் போய்வந்தேன். அவர் அங்கே ஒரு வருஷம்கூட இருக்கவில்லையாம். சொந்த வீடும் இல்லை. அவர் புழங்கிய சாமான் என்று பெரிதாக எதுவும் கண்ணில் படவில்லை, சுவர் முழுக்கப் படங்கள்தான். படத்தை எங்கே வேண்டுமானாலும் பார்க்கலாமே. இதை அவருடைய 'இல்லம்' என்று சொல்வது சரிதானா?

ஆகஸ்ட் 3

கேள்வி நியாயமானது. ஆனால் அது போய்ச் சேரும் இடத்தை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கணக்கு சரிதான். 1920 நவம்பரில் கடையத்திலிருந்து சென்னைக்கு வந்து சுதேசமித்திரன் பத்திரிகையில் மறுபடியும் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். 1921 செப்டம்பரில் இறந்துவிட்டார். மொத்தமே பத்து மாதம். 1993இல் தமிழ்நாடு அரசு அந்த வீட்டை வாங்கிப் புதுப்பித்தது.

சொந்த வீடு இல்லை என்பதை நீங்கள் குறையாகச் சொல்கிறீர்கள். எனக்கு அந்த வீட்டின் விசேஷமே அதுதான். நாளைக்கு எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 3, இரவு

நாளைவரை பொறுக்க முடியவில்லை.

நான் பிறந்து வளர்ந்தது திருவல்லிக்கேணியில்தான். ஒண்டுக்குடித்தனம். ஒரு முற்றம், அதைச் சுற்றி ஐந்து போர்ஷன், ஒரு குழாய், இரண்டு கக்கூஸ். எங்கள் போர்ஷன் ஒரு அறையும் அதை ஒட்டிய சமையல் இடமும். வீட்டுக்காரர் மாடியில் இருந்தார். அவர் போட்ட சட்டங்களில் முதலாவது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. காலண்டரை ஜன்னல் கம்பியில் கயிறு கட்டித்தான் மாட்டுவோம். தாத்தா படத்தை அலமாரி மேல் சாய்த்து வைத்திருப்போம், பல்லி ஓடும்போதெல்லாம் அது குப்புற விழும். ஒருமுறை அப்பா துணிந்து ஒரு சின்ன ஆணி அடித்தார். மாடியிலிருந்து இறங்கிவந்த வீட்டுக்காரர் எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆணியைப் பிடுங்கி அப்பா கையில் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா அந்த ஆணியை ரொம்ப நாள் பேனா டப்பாவில் வைத்திருந்தார்.

பாரதியார் இல்லத்துக்கு நான் முதல் தடவை போனபோது எல்லோரும் படங்களைப் பார்த்தார்கள். என் கண் ஆணிகளைத்தான் பார்த்தது. வாடகைக்கு இருந்த மனிதருக்காக இத்தனை ஆணி அடித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். தொண்டை அடைத்துக்கொண்டது.

ஆகஸ்ட் 5

சாமான் ஏன் இல்லை என்பதற்கு வருகிறேன்.

ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாயின் யாஸ்னயா பொல்யானா வீட்டில் சுமார் 22,000 புத்தகங்கள் அப்படியே இருக்கின்றன. அவர் பிறந்ததும் அங்கே, புதைக்கப்பட்டதும் அங்கே. பண்ணை வீடு, பரம்பரைச் சொத்து. அப்படிப்பட்ட இடத்தில் நாற்காலி நாற்காலியாகவே இருக்கும், மைக்கூடு மைக்கூடாகவே இருக்கும்.

பாரதியின் வாழ்க்கையை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டயபுரம். அப்பா இறந்ததும் காசியில் அத்தை வீடு. மறுபடி எட்டயபுரம். 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதம் வாத்தியார் வேலை. சென்னை. 1908இல் கைதுக்குத் தப்பிப் புதுச்சேரி. பத்து வருஷம் கழித்து, 1918 நவம்பரில் எல்லை தாண்டியதும் பிடித்துக் கடலூர் சிறையில் வைத்தார்கள். வெளியே வந்து மனைவியின் ஊரான கடையம். அப்புறம் திரும்பவும் சென்னை. முப்பத்தெட்டு வயதுக்குள் இவ்வளவு.

நாங்கள் பதினைந்து வருஷத்தில் ஏழு வீடு மாறினோம், போலீஸ் யாரும் துரத்தாமலே. ஒவ்வொரு மாற்றத்திலும் ஏதாவது ஒன்று போகும். முதலில் மரச் சாமான் போகும், அப்புறம் பாட்டி காலத்துப் பித்தளை. அப்பாவின் டைரிகள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. நாலாவது வீட்டிலிருந்து ஐந்தாவது வீட்டுக்குப் போன கைவண்டியில் அந்தப் பெட்டி ஏறியதைப் பார்த்தேன். இறங்கியதைப் பார்க்கவில்லை.

அந்த வீட்டில் சாமான் இல்லாதது அவர் எப்படி வாழ்ந்தார் என்பதற்கான தடயம். அதைக் குறையாக எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 6

படங்கள் பற்றி ஒன்று விட்டுப்போச்சு. பாரதியைக் கேமராவில் எடுத்த படங்களாக நமக்குக் கிடைத்திருப்பவை ஐந்துதான். புதுச்சேரியில் எடுத்தவை, காரைக்குடியில் எடுத்தவை, சென்னையில் எடுத்தது. எட்டயபுரம் போனாலும் புதுச்சேரி போனாலும் திருவல்லிக்கேணி போனாலும் அதே ஐந்தையும் அவற்றைப் பார்த்து வரைந்த ஓவியங்களையும்தான் பார்ப்பீர்கள். 'படத்தை எங்கே வேண்டுமானாலும் பார்க்கலாமே' என்று நீங்கள் சொன்னது அந்த வகையில் சரி.

ஆகஸ்ட் 9

வாடகை என்றதும் புதுச்சேரி ஞாபகம் வந்துவிட்டது.

பாரதியோடு பழகிய எழுத்தாளர் வ.ரா. எழுதிய பாரதி வரலாற்றைப் படித்தவர்களுக்கு விளக்கெண்ணெய்ச் செட்டியாரைத் தெரியும். ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதிக்கு வீடு வாடகைக்கு விட்டவர். வாடகை கேட்கத்தான் வருவார். பாரதி பாடிக்கொண்டிருந்தால் உட்கார்ந்து கேட்பார். கேட்டுவிட்டு, வந்த காரியத்தைச் சொல்லாமலே எழுந்து போய்விடுவார்.

எங்கள் வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டு இதைப் படித்தபோது எனக்குப் பதினேழு வயது. அந்தச் செட்டியார்மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம் வந்தது. கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் பாஞ்சாலி சபதமும் புதுச்சேரியில் பிறந்தவை. அவற்றுக்கு ஒரு கூரை கிடைத்ததில் அந்த மனிதரின் கேட்காத வாடகைக்கும் பங்கு உண்டு. இன்று அந்தத் தெருவில் இருக்கும் பாரதி அருங்காட்சியகத்துக்குள் நுழையும்போது செட்டியார் வந்து உட்கார்ந்த இடம் எது என்றுதான் தேடினேன்.

ஆகஸ்ட் 10

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். செட்டியார் வீட்டையும் இப்போதைய அருங்காட்சியகத்தையும் ஒன்றுபோல எழுதிவிட்டேன். புதுச்சேரியில் பாரதி ஒரே வீட்டில் இருக்கவில்லை, மாறி மாறி இருந்தார். பத்து வருஷத்தையும் ஒரே கதவு எண்ணுக்குள் அடைக்கக் கூடாது. வாடகைக்காரர் கதையை எழுதும்போது நானே இந்தத் தப்பைச் செய்திருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 11

'காணி நிலம் வேண்டும்' பாட்டை ஒருவர் நினைவுபடுத்தியிருக்கிறார். ஆமாம், அதைத் தொடாமல் இந்தப் பேச்சு நகராது.

ஒரு காணி என்பது 1.32 ஏக்கர். அந்தப் பாட்டில் எனக்குப் பிடித்தது பட்டியல். தூண் அழகாக இருக்க வேண்டும், மாடம் வேண்டும், கேணி வேண்டும், பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு தென்னை வேண்டும். இரண்டு மரம் கூடக்குறைய இருந்தாலும் பரவாயில்லை என்கிற தாராளம் வேறு. வாடகை வீட்டில் இருக்கும் ஒவ்வொருவர் தலைக்குள்ளும் இப்படி ஒரு வரைபடம் உண்டு. என் அப்பா தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்ததும் அதன் பின்பக்கத்தில் வீடு வரைவார். சமையலறை எப்போதும் தென்கிழக்கு மூலையில். கிணறு வடகிழக்கில். கிணற்றடியில் துவைக்கிற கல்லைக்கூடச் சின்னக் கட்டமாகப் போட்டிருப்பார். அடுத்த நாள் வேறு தாள், வேறு வீடு, துவைக்கிற கல் மட்டும் அதே இடத்தில்.

ஆகஸ்ட் 14

'யானை மிதித்து இறந்த வீடு' என்று இதைப் படித்த ஒருவர் எழுதியிருக்கிறார். இது ஊர் முழுக்கப் பரவிவிட்ட தப்பு. தெருவுக்குள்ளேயே இப்படித்தான் சொல்வார்கள், நானும் சின்ன வயதில் இப்படித்தான் நம்பினேன்.

நடந்தது வேறு. 1921 நடுவில் பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளிவிட்டது உண்மை. அவருடைய நண்பர் குவளைக்கண்ணன் உள்ளே பாய்ந்து யானையின் காலடியிலிருந்து அவரைத் தூக்கி வந்தார். அதிலிருந்து பாரதி தேறிவிட்டார். வேலைக்குப் போனார். அதற்கப்புறம் ஈரோட்டுக்குப் போய்க் கருங்கல்பாளையம் நூலகத்தில் 'மனிதனுக்கு மரணமில்லை' என்று பேசியும் வந்தார். செப்டம்பரில் கண்டது வயிற்றுக்கடுப்பு. உடம்பில் தெம்பு இல்லை. மருந்து வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தார்.

கடைசி இரவில் கூட இருந்தவர்களில் பரலி சு. நெல்லையப்பரும் ஒருவர். அமானுல்லா கானைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று பாரதி அன்றைக்குச் சொன்னதாக அவர் எழுதிவைத்திருக்கிறார். ஆப்கானிஸ்தான் அமீரைப் பற்றி, மறுநாள் கொடுக்க வேண்டிய கட்டுரை. எனக்கு யானையைவிட இதுதான் அந்த வீட்டின் கதை. வேலைக்குப் போக நினைத்துக்கொண்டே ஒருவர் படுத்திருந்த அறை.

ஆகஸ்ட் 18

'குறைந்த நாள் இருந்த வீடு' என்ற பேச்சுக்கு ரோமாபுரியிலிருந்து ஒரு வீடு.

ஸ்பானியப் படிக்கட்டுகளை ஒட்டி ஒரு கட்டடம். ஆங்கிலக் கவிஞர் ஜான் கீட்ஸ் காசநோயோடு 1820 நவம்பரில் அங்கே வந்தார். 1821 பிப்ரவரியில் இறந்தார், இருபத்தைந்து வயதில். நாலு மாதம்கூட இல்லை. அங்கேயும் வாடகை அறைதான். நோய் தொற்றும் என்று அன்றைய சட்டப்படி அறையிலிருந்த சாமான்களை எரித்துவிட்டார்கள், சுவரைக்கூடச் சுரண்டினார்கள். அவர் தொட்டது என்று மிச்சம் வைக்காமல் துடைத்த அந்த அறையைத்தான் வாங்கி 1909இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். இன்றும் பார்க்கப் போகிறார்கள். அவர் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்த கூரைப் பூக்கள் இருக்கின்றன, அது போதும் அவர்களுக்கு.

அந்த வீட்டின் பெயர் கீட்ஸ்-ஷெல்லி இல்லம். ஷெல்லியும் ஆங்கிலக் கவிஞர். இளம் வயதில் அவர்மேல் கொண்ட பித்தில் 'ஷெல்லிதாசன்' என்று பெயர் போட்டு எழுதியவர் நம்முடைய பாரதி. கீட்ஸ் ரோமுக்கு வந்த நவம்பருக்குச் சரியாக நூறு வருஷம் கழித்து வந்த நவம்பரில் பாரதி சென்னைக்கு வந்தார். இரண்டு பேருமே திரும்பிப் போகவில்லை. இதற்கு ஒரு அர்த்தமும் கற்பிக்க வேண்டாம். ஆனால் இரண்டு தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகஸ்ட் 19

ரோம் வீட்டைப் பற்றி யோசித்ததில் எனக்கே ஒரு சிக்கல். அங்கே இப்போது இருக்கும் கட்டில் கீட்ஸ் படுத்தது இல்லை. அந்தக் காலத்து வகையில் ஒன்றைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். அதுபோல இங்கேயும் ஒரு பாய், ஒரு சாய்வு மேசை, ஒரு அம்மி என்று வைக்கலாமா?

நேற்றுவரை 'வைக்கலாம்' என்று சொல்லியிருப்பேன். இன்று மனசு ஒப்பவில்லை. அவர் தொடாத பாயை 'பாரதியார் பாய்' என்று பத்து வருஷத்தில் மக்கள் கும்பிட ஆரம்பித்துவிடுவார்கள். 'இப்படிப்பட்ட பாய்' என்று தெளிவாக எழுதிவைத்தால்? சரி, அப்படியென்றால் வைக்கலாம். ஆனால் ஒரு அறையில் மட்டும். மற்ற அறை காலியாகவே இருக்கட்டும்.

ஆகஸ்ட் 25

சொந்த வீடு வைத்திருந்த ஒருவரின் கதையையும் சொல்லிவிடுகிறேன். அதே திருவல்லிக்கேணி, பிள்ளையார் கோயில் தெரு. உ.வே. சாமிநாதையர் வீடு. கும்பகோணம் கல்லூரியில் தனக்கு வேலை கிடைக்கக் காரணமாக இருந்த தியாகராச செட்டியாரின் நினைவாக 'தியாகராச விலாசம்' என்று அதற்குப் பெயர் வைத்தார். நன்றியையே வீட்டுக்குப் பெயராக வைத்த மனிதர். 1903இல் மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து கடைசிவரை அவருக்குச் சென்னை என்றால் திருவல்லிக்கேணிதான். ஏட்டுச் சுவடிகளை விளக்கடியில் பிரித்துப் பார்த்த வீடு.

2012இல் அதை இடித்துவிட்டார்கள்.

இடித்துக்கொண்டிருந்த நாட்களில் ஒருமுறை அந்தத் தெரு வழியாகப் போனேன். சுண்ணாம்புத் தூசி. மரத் தூண் ஒன்று தெருவோரமாகக் கிடந்தது, அதன்மேல் ஒரு பையன் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. நானும் பார்த்துக்கொண்டு நின்றேனே தவிர வேறு எதுவும் செய்யவில்லை. பன்னிரண்டு வருஷமாக அது உறுத்துகிறது.

அவருடைய சுவடிகளுக்கும் புத்தகங்களுக்கும் பெசன்ட் நகர் நூலகம் இருக்கிறது. பிறந்த ஊர்ப் பக்கம் உத்தமதானபுரத்தில் நினைவு இல்லம் இருக்கிறது. ஆனால் வேலை நடந்த வீடு போய்விட்டது. 1906இல் உ.வே.சா.வுக்கு மகாமகோபாத்தியாயர் பட்டம் கிடைத்தபோது வாழ்த்திப் பாடியவர் பாரதி. நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் இரண்டு வீடுகளில் வாடகைக்காரரின் வீடு நிற்கிறது, வீட்டுக்காரரின் வீடு இல்லை.

அதனால்தான் 'இதைப் போய் இல்லம் என்று சொல்லலாமா' என்று கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. நிற்பதே பெரிது.

செப்டம்பர் 1

காசியையும் விடக் கூடாது. அனுமான் கட்டத்தில் அத்தை குப்பம்மாள் வீட்டில்தான் பாரதி தங்கிப் படித்தார். அந்தக் குடும்பத்தின் வழிவந்தவர்கள் இன்னும் அங்கேயே குடியிருக்கிறார்கள். 2022 டிசம்பர் 11 அன்று, அதாவது பாரதியின் பிறந்த நாளில், அந்த வீட்டில் ஒரு அறையைத் தமிழ்நாடு அரசு நினைவிடமாகத் திறந்தது. பக்கத்து அறையில் சோறு வேகும், துணி காயும். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருக்கிறது.

செப்டம்பர் 4

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1920இல் கடையத்திலிருந்து பாரதி ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தன் எழுத்து முழுவதையும் நாற்பது புத்தகமாகப் போட வேண்டும், ஒவ்வொன்றும் பத்தாயிரம் பிரதி. மண்ணெண்ணெய், தீப்பெட்டி மாதிரி வீட்டுக்கு வீடு விற்கும் என்று நம்பினார். நாலு லட்சம் புத்தகம்! பணம் வந்து சேரவில்லை. அவர் இருந்தவரை நடக்கவில்லை. 1949இல் அரசு உரிமையை வாங்கிய பிறகு யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்று ஆனது, அப்புறம் நிஜமாகவே தீப்பெட்டி மாதிரி வீட்டுக்கு வீடு வந்தது. எங்கள் ஒண்டுக்குடித்தனத்தில் ஐந்து போர்ஷனிலும் பாரதியார் கவிதைகள் இருந்தது. ஒரு வீட்டில் அதன் மேல் அரிசி டப்பா இருக்கும், டப்பா ஆடாமல் இருப்பதற்காக. அந்த வீட்டு மாமிக்குப் பாதிப் பாட்டு மனப்பாடம்.

ஆணி அடித்த சுவர்களுக்கு நடுவே அந்தச் சுற்றறிக்கையின் நகல் ஒன்றைப் பெரிதாக்கி வைத்து, பக்கத்தில் தீப்பெட்டி விலைக்கு ஒரு சின்னப் புத்தகம் விற்றால் எப்படி இருக்கும்?

செப்டம்பர் 11

இன்று மகாகவி நாள். 2021இல் நூற்றாண்டு நினைவின்போது அரசு அறிவித்தது. ஆனால் உயிர் பிரிந்தது 11ஆம் தேதி இரவு நடுநிசி தாண்டி, விடிவதற்கு முன்னால். கடிகாரப்படி 12. ராத்திரி முழுக்கக் கண்விழித்து உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது 11தான். சாவு வீட்டில் இருந்தவர்களுக்கு இந்தக் குழப்பம் புரியும். இரண்டையும் சொல்லலாம், சண்டை வேண்டாம்.

செப்டம்பர் 15

அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். எண்பத்திரண்டு வயது. முட்டி வலி, ஆட்டோவிலிருந்து இறங்கவே ஐந்து நிமிஷம்.

அம்மா படங்களைப் பார்க்கவில்லை. உள்ளே போனதும் அண்ணாந்து பார்த்தாள், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று. அப்புறம் சுவர் ஓரமாகக் கைவைத்தபடி நடந்தாள். "ஏண்டி, செல்லம்மா எங்கே சமைத்திருப்பாள்?" என்றாள். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பின்பக்கமாக ஒரு இடத்தைக் காட்டினாள். "இங்கேதான். புகை முன்பக்கம் வந்தால் எழுதுகிறவருக்குக் கண் எரியுமே." நாற்பது வருஷம் அடுத்தவர் வீட்டில் அடுப்பு மூட்டிய கை. செல்லம்மாள் பிற்பாடு 1951இல் திருச்சி வானொலியில் 'என் கணவர்' என்று பேசினாரே, அதைக் கேட்டதாக எங்கள் பாட்டி சொல்வாள் என்று அம்மா சொன்னாள். எனக்கு இது புதுச் செய்தி.

அதன் பிறகு அங்கே போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, நான் இதுவரை கேட்டிராத ஒன்றைச் சொன்னாள். மூன்றாவது வீட்டில் இருந்தபோது தாத்தாவுக்கு முடியாமல் போனது. இனி தேறாது என்று தெரிந்ததும் வீட்டுக்காரர் அப்பாவைக் கூப்பிட்டு, "இங்கே நடந்துவிடக் கூடாது, அப்புறம் யாரும் குடிவரமாட்டார்கள், ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள்" என்றாராம். தாத்தாவுக்கு ஆஸ்பத்திரிக்குப் போக இஷ்டமில்லை. ஆனாலும் விடியற்காலையில் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனார்களாம். மறுநாள் அங்கே முடிந்தது. எனக்கு அப்போது மூன்று வயது. தாத்தா ஆஸ்பத்திரியில் இறந்தார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

"இவரை இங்கேயே விட்டிருக்கிறார்கள் பார்," என்றாள் அம்மா. "யாரோ புண்ணியவான். போகச் சொல்லாமல் இருந்தானே."

ஆகஸ்ட் 3ஆம் தேதி நான் எழுதியது ஆணியைப் பற்றி. அதை மாற்றவில்லை. ஆனால் கேள்வி கேட்டவருக்கு அம்மா சொன்னதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொள்ள என் தோளைப் பிடித்தபடி, "மாசம் வாடகை எவ்வளவு கொடுத்திருப்பார்?" என்று கேட்டாள். கோயில் குளத்தைச் சுற்றி ஆட்டோ திரும்பும்வரை நாங்கள் இருந்த ஏழு வீட்டு வாடகையையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். முதல் வீடு நாற்பத்தைந்து ரூபாய், தண்ணீருக்குத் தனியாக இரண்டு.